எவ்வளவு நாளா இருக்கு?

டாக்டர் கேட்டது என்னைத்தான். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேனாவைத் தாளில் ஊன்றியபடி என் முகத்தைப் பார்த்தார். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. கட்டிலில் சுருண்டு கிடந்தேன். ரத்தமாகப் போய்ப் போய் நாக்கு வறண்டு, பேசத் தெம்பில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், தலைமாட்டில் நின்ற அத்தை முன்னால் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பதில் சொன்னார். "சின்னப் புள்ளையிலேருந்தே இவனுக்கு வயிறு சரியில்லைங்கய்யா. எதைத் தின்னாலும் வயித்தால போகும். நாங்களும் பாக்காத வைத்தியமில்லை." டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். பேனா தாளில் ஓடிய அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அதில் எந்த ஆபத்தும் எனக்குத் தெரியவில்லை. மனிதர் நம்மைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார் என்ற நிம்மதிதான் இருந்தது.

அத்தை சொன்னதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. சின்ன வயதில் நான் கல்லைத் தின்றாலும் செரிக்கிற பயல். கோடை விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு வந்தால் பலாப்பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு சக்கை குவியக் குவியத் தின்பேன். அதற்கு மேலே பம்புசெட்டுத் தண்ணீரைக் குடிப்பேன். ஒன்றும் ஆகாது. "இவன் வயித்துக்குள்ள அம்மி கிடக்கு" என்று அத்தையே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வயிறு கெட்டது முப்பதைத் தாண்டிய பிறகுதான். அதுவும் திருச்சிக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான். இது என்னைவிட அத்தைக்கு நன்றாகத் தெரியும். நான் கழிப்பறைக்கு ஓடும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று "இன்னைக்காச்சும் ரத்தம் நின்னுச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். பிறகு ஏன் அப்படிச் சொன்னார் என்றால், அதற்கு எங்கள் ஊர்ப் பூ வியாபாரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அத்தை என் அப்பாவுடன் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் அயித்தை என்றுதான் கூப்பிடுவோம். கீரமங்கலத்துக்கு அருகே அவருக்குக் கொஞ்சம் பூத்தோட்டம் உண்டு, முல்லையும் மல்லிகையும். மாமா இறந்த பிறகு அதைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் அண்ணன் வீட்டோடு போய்விட, புதுக்கோட்டையில் ஒரு டிராக்டர் ஷோரூமில் கணக்கு பார்க்கிற வேலை கிடைத்த நான், அத்தை வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அத்தை விடிவதற்கு முன்னால் மொட்டுப் பறித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, கமிஷன் கடைக்குக் கொண்டுபோவார். சில நாள் நானும் வண்டியில் இறக்கிவிடுவேன். அங்கே யாரும் உள்ளதை உள்ளபடி சொல்ல மாட்டார்கள். "தண்ணி சுத்தமா இல்லைங்க, பறிக்க ஆளே வரலைங்க, பாதிச் செடி கருகிப்போச்சுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஈரத்துக்கு என்று கடைக்காரர் எடையில் கழிப்பார், மொட்டு சிறுத்துவிட்டது என்று விலையிலும் கழிப்பார். எப்படியும் கழிக்கத்தான் போகிறார் என்பதால் இவர்கள் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார்கள். கூட்டிச் சொல்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். கூட்டலும் கழித்தலும் போக மிஞ்சுவதுதான் நியாயம். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை.

இதே வழக்கம்தான் ஆஸ்பத்திரிக்கும். நோயாளி வாயைத் திறக்கக் கூடாது, கூட வந்தவர்தான் பேச வேண்டும். நேற்றுக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரமாகக் காய்கிறது என்பார்கள். இரண்டு தடவை வாந்தி எடுத்தால் பச்சைத்தண்ணீர்கூடத் தங்கவில்லை என்பார்கள். "கூட்டிச் சொன்னாத்தான்ப்பா அவுக காது குடுப்பாக. இல்லாட்டி ஒரு மாத்திரையைக் குடுத்து அங்கிட்டுப் போய் உக்காருன்னுருவாக" என்பது அத்தையின் கணக்கு. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அத்தையைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். அவர் வந்து பேசினால் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்ப்பார் என்று அவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தத் திறமையைத்தான் எனக்காகவும் காட்டினார், பாவம். இந்தத் தடவை எழுதிக்கொண்டவர் எதையும் கழிக்கவில்லை.

குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று பெயர் சொன்னார்கள். தீர்க்க முடியாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம், ஆயுசுக்கும் மருந்து வேண்டும் என்றார்கள். நான் இடிந்துபோய்க் கிடக்க, அத்தைதான் "சக்கரை வியாதி மாதிரின்னு வச்சுக்க. ஊருல பாதிப் பேரு அதோடதானே நடமாடுறாக" என்று தேற்றினார். பணத்துக்கும் எங்களுக்குப் பெரிய பயமில்லை. நோய் வருவதற்கு ஒரு வருஷத்துக்கும் முன்னாலேயே நான் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தேன். எடுக்கும்போது ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். அது சத்தியமான உண்மை. அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அத்தை பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் "எங்க மருமகன் முன்னாடியே எல்லாம் யோசிச்சு வச்சிருக்கு" என்று பெருமை பேசியது எனக்குக் கேட்டது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில்தான் காப்பீட்டு கவுண்டரில் இருந்து கூப்பிட்டார்கள். கம்பெனி கொடுக்காதாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பிய தாளில் சிறுவயது முதலே நோய் என்று இருக்கிறதாம். பழைய நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறேனாம். கவுண்டரில் இருந்த பெண் சொல்லச் சொல்ல, அத்தை கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குள் முகத்தை விட்டு, "அது நான் சும்மா சொன்னதுங்க, கூட ஒரு வார்த்தை, அவ்வளவுதான்" என்றார். அந்தப் பெண் கம்பெனி அனுப்பிய தாளை அதே ஓட்டை வழியாக வெளியே தள்ளினார். கொஞ்ச நாளில் பாலிசியையே ரத்து செய்துவிட்டதாகக் கடிதமும் வந்தது. அத்தை படிக்கச் சொன்னார். தமிழில் சொன்னேன். "நான் சொன்னதையே அப்படியே எழுதியிருக்காகளா?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயந்திரம் பூவுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீரமங்கலத்திலிருந்து ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை வரை எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எதில் பூட்டியிருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். பஸ்ஸில் கதவோரம்தான் உட்காருவேன். நடுவழியில் இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறேன். பையில் எப்போதும் ஒரு மாற்றுப் பேன்ட் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையில் கன்னம் இரண்டும் உப்பிக்கொள்ள, பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னப்பா, நல்லா பூசுனாப்புல ஆயிட்டே, கல்யாணக் களை வந்துருச்சு" என்றார்கள். அவர்களை அறையலாம் போல வரும். வந்த சம்பந்தம் ஒன்றும் விஷயம் தெரிந்து நின்றுபோயிற்று. மாத்திரைக்கு நோய் அடங்கவில்லை, இனி ஊசிதான் என்றார் டாக்டர். அதன் விலையைக் கேட்டு நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே வந்தோம். அத்தை தோட்டத்தில் பாதியை வேறொருவருக்கு விட்டார். அந்தப் பணத்தில் சில ஊசி போட்டேன். ரத்தம் நின்றது, சோறு உடம்பில் ஒட்டியது. ஊசி நின்றதும் எல்லாம் திரும்பி வந்தது. வேறு கம்பெனிகளில் விண்ணப்பித்தால், இதற்கு முன் பாலிசி ரத்தானதுண்டா என்ற கேள்வியிலேயே கதவு சாத்திக்கொண்டது. அரசாங்கக் காப்பீட்டு அட்டைக்கு என் சம்பளம் அதிகம் என்றார்கள்.

திருச்சி டாக்டர் நல்ல மனிதர். நோய் புதிதாக வந்ததுதான், துணைக்கு வந்தவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று எழுதியே கொடுத்தார். பணம் மறுத்த பிறகு எழுதி வாங்கியது செல்லாது என்று கம்பெனி பதில் போட்டது. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற அதிகாரியிடம் மேல்முறையீடு செய்தோம். விசாரணை செல்போனில் வீடியோவில் நடக்கும் என்று தகவல் வந்தது. அன்றைக்கு அத்தை கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, திருநீறு பூசி, என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். போனைச் சோற்றுப் பானையின் மேல் சாய்த்து வைத்திருந்தோம். நான் தேதி வாரியாகச் சொல்லி முடித்ததும், என்னைத் தள்ளிவிட்டு அத்தை போனுக்கு முன்னால் குனிந்தார். "அய்யா, நாந்தாங்க பொய் சொன்னது. எங்க ஊருல கூட்டித்தாங்க சொல்லுவோம். அவனுக்குச் சின்ன வயசுல ஒண்ணுமே இல்லைங்க. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க, அவனை விட்டுருங்க." அந்த அதிகாரி கோபப்படவில்லை. சலித்துப்போன குரலில், நிதானமாகத்தான் கேட்டார். "அம்மா, அன்னைக்கு டாக்டர்கிட்டயே பொய் சொன்னேன்னு சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு நான் எப்படி நம்புறது?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். எத்தனையோ டாக்டர்களை நாற்காலியை விட்டு எழுப்பிய வாய் அது. அன்றோடு ஓய்ந்துவிட்டது. முறையீடு தள்ளுபடியானது என்று பிறகு தகவல் வந்தது, நாங்கள் அதை அன்றே தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகும் அத்தை என்னோடு திருச்சிக்கு வந்தார். ஆனால் அறைக்குள் வர மாட்டார், வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை டாக்டரே வெளியே வந்து, "என்னம்மா, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்று சிரித்தபடி கேட்டார். "அவனே சொல்லுவாங்கய்யா" என்று தலையைக் குனிந்துகொண்டார். தெருக்காரர்கள் துணைக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்று தட்டிக்கழித்தார். கமிஷன் கடையில்கூட மூட்டையை வைத்துவிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தாராம். அந்தக் கடைக்காரரே என்னை நிறுத்தி, "அயித்தைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா தம்பி?" என்று விசாரித்தார்.

உடம்புதான் சரியில்லாமல் இருந்திருக்கிறது. எனக்குக் காரம் ஆகாது, பால் ஆகாது, குழைய வடித்த கஞ்சிதான். ஒரு கட்டத்தில் அத்தையும் அதையே குடிக்கத் தொடங்கினார். "ஒனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு எதுக்குப்பா ரெண்டு ஒலை வைக்கணும்?" என்பார். என்மேல் உள்ள பாசம் என்று நினைத்தேன். அவருக்கு வேறு எதுவும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்பது அந்தக் கஞ்சிக்குள் மறைந்துபோயிற்று. ரவிக்கைக்கு ஊக்கு மேல் ஊக்காகக் குத்திக்கொண்டார். "மருமகன் நோயை அயித்தை வாங்கிக்கிட்டாக" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பேச, அவரும் கூடச் சிரித்தார். ஊர் கிளினிக்குக்குத் தானாகவே பலமுறை போய், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு எரிச்சலுக்கான டானிக் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். அந்தப் பாட்டில்கள் எல்லாம் காலியாகிப் பூக்கூடைக்குப் பின்னால் கிடந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன். ஒருநாள் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தார். புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அங்கே டாக்டர் அம்மா கேட்டதும் அதே கேள்விதான். "எவ்வளவு நாளா இருக்கு?" கூட வந்தவன் நான், நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அத்தை முந்திக்கொண்டார். "முந்தாநாளுலேருந்துதாங்க. அதுக்கு முந்தி எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லைங்க." எலும்பும் தோலுமாக உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னார். நான் திகைத்துப்போய், "அயித்தை, உள்ளதைச் சொல்லுங்க" என்றேன். மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். டாக்டர் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார், "முந்தாநாளுதாங்க" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் என்னைச் சுவரோரம் இழுத்து நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நீ என்ன, வெவரம் தெரியாத புள்ளையா? பழசுன்னு எழுதிப்புட்டா அப்புறம் யாருப்பா பாப்பாக? ஒன்னைய நிறுத்துன மாதிரி என்னையும் நிறுத்திப்புடுவாக. அப்புறம் எனக்கும் சேத்து நீதானே தூக்கிச் சுமக்கணும்?" கிளினிக்கிலும் இத்தனை நாளும் முந்தாநாள் வந்தது என்றேதான் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் நெஞ்சு எரிச்சலுக்கு டானிக் கொடுக்காமல் அவர்களும் வேறு என்ன செய்வார்கள்?

அத்தையிடம் அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. சேலை மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதில் பழசா புதுசா என்ற கேள்வியே கிடையாது, எந்த நோயாக இருந்தாலும் பார்ப்பார்கள் என்று அந்த வராந்தாவிலேயே தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவர் நம்பவில்லை. "குடுக்கும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. ஒனக்கும் அப்படித்தானே சொல்லிக் குடுத்தாக?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் வாயை அடைத்துக்கொண்டு கட்டி வளர்ந்து, ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. "இது முந்தாநாள் வந்தது இல்லையேம்மா" என்று டாக்டர் அம்மா தணிந்த குரலில் சொன்னார். அட்டையை நீட்டினேன். ஒரு கேள்வி கேட்காமல் அன்றைக்கே அனுமதி வந்துவிட்டது. என் வாழ்க்கையில் காப்பீடு என்ற ஒன்று சொன்னபடி நடந்ததை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன். ஆனால் அறுக்கவும் முடியாது, மருந்து ஏற்றினால் உடம்பு தாங்காது என்றார்கள். பணம் கொடுக்க அவர்கள் தயாராக இருந்தார்கள், அதை வைத்துச் செய்வதற்குத்தான் எதுவும் மிஞ்சவில்லை. அத்தை ரொம்ப நாள் இருக்கவில்லை. கடைசிவரை, வார்டுக்குப் புதிதாக வந்த எந்த நர்ஸ் கேட்டாலும், "இப்பத்தாங்க வந்துச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை போன பிறகு மிச்சத் தோட்டமும் கை மாறிவிட்டது. அந்த வீட்டில் இப்போதும் ஒரே உலைதான், எனக்கு மட்டும். ஊசி நின்று நெடுநாளாகிறது. இப்படியே விட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, மலத்துக்குப் பை மாட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள். எனக்குச் சாவைவிட அந்தப் பையை நினைத்தால்தான் குலை நடுங்குகிறது, உள்ளதைச் சொல்கிறேன். போன மாதம் ஷோரூமுக்கு வந்த ஒரு ஏஜென்ட், ஒரு கம்பெனி மட்டும் என்னைப் போன்றவர்களையும் சில நிபந்தனைகளோடு எடுத்துக்கொள்கிறது, அவர்களுடைய டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். குடும்பத்தில் யாருக்கும் வயிற்றில் பெரிய வியாதி இல்லை என்றால் வாய்ப்பு இருக்கிறது, இருந்தால் கஷ்டம் என்று காதோடு சொல்லியும் அனுப்பினார். தஞ்சாவூரில் அந்த டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்து நாற்காலியில் மாற்றுப் பேன்ட் வைத்திருக்கும் என் பைதான் இருந்தது.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்று ஆரம்பித்தார். மாதம், வருஷம் எல்லாம் சரியாகச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதிக்கொண்டே வந்தவர் தலையைத் தூக்காமல், "குடும்பத்துல அப்பா வழி, அம்மா வழி, வேற யாருக்காவது வயித்துல கட்டி, கேன்சர் எதுவும் இருந்திருக்கா?" என்றார். அத்தை பக்கத்தில் இருந்திருந்தால் மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை அழுத்தியிருப்பார். இல்லை என்ற ஒரு சொல்தான் தேவைப்பட்டது. அந்த ஒரு சொல்லில் ஊசி கிடைக்கலாம், என் குடல் என்னிடமே இருக்கலாம். ஆனால் இல்லை என்றால், அத்தை என்று ஒருத்தர் எனக்கு இருந்ததே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அது என்னால் முடியவில்லை.

"இருந்துச்சுங்க. எங்க அயித்தைக்கு. அப்பாகூடப் பொறந்தவங்க."

டாக்டர் பேனாவை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவங்களுக்கு எவ்வளவு நாளா இருந்துச்சு?"

"முந்தாநாளுலேருந்துதான்னு சொன்னாங்க" என்றேன்.